ஆரா வரும் 20 நிமிடமும், அதைச் சுற்றிய பயமும்

மைக்ரேன் என்று சொன்னால் கேட்பவர்கள் வலியைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். எந்தப் பக்கம் வலிக்கும், எவ்வளவு நேரம் இருக்கும், வாந்தி வருமா என்று. வலி கொடுமையானதுதான். ஆனாலும் மாத்திரை போட்டு, இருட்டறையில் படுத்து, எப்படியோ கடத்திவிடுவேன். என்னை ஆட்டிவைத்தது வலிக்கு முன்னால் வரும் ஆரா, அதாவது பார்வையோ உணர்வோ பேச்சோ சற்று நேரம் தடுமாறும் கட்டம். அதையும்விட, ஆரா இல்லாத நாட்களில் ‘இப்போது வந்துவிடுமோ’ என்று கூடவே நடமாடிய பயம். ஆராவுக்கு வைத்தியம் ஒன்று, பயத்துக்கு வைத்தியம் வேறு என்று இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. அதை எப்படிச் செய்தேன், எது உதவியது, எங்கே கவனம் வேண்டும் என்பதை எழுதுகிறேன்.

மைக்ரேன் உள்ள எல்லோருக்கும் ஆரா வருவதில்லை. கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குப் பேருக்கு வருகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது பார்வையில்தான் தெரியும். எனக்கு எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும். படித்துக்கொண்டிருக்கும் வரியில் ஒரு சொல்லின் நடு எழுத்துகள் இருக்காது. அங்கே கறுப்புப் புள்ளியோ மங்கலோ தெரியாது, அந்த இடமே இல்லாமல் போயிருக்கும். எதிரில் இருப்பவரின் மூக்கைப் பார்த்தால் அவருடைய ஒரு கண் காணாமல் போயிருக்கும். சில நிமிடங்களில் அந்த வெற்றிடத்தின் ஓரத்தில் ஒரு மினுமினுப்பு எழும். அது பிறை வடிவில் வளைந்து, கோட்டை மதிலின் மேல்விளிம்பு போல வெட்டு வெட்டான கோடுகளாகித் துடித்துக்கொண்டே இடப்பக்கமாக விரியும். வலக்கண்ணை மூடினாலும் தெரியும், இடக்கண்ணை மூடினாலும் தெரியும், இரண்டையும் மூடினாலும் தெரியும். 20 நிமிடம் போல ஆனதும் பார்வையின் ஓரத்துக்குப் போய் மறைந்துவிடும். பிறகு கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத் தலையில் வலி தொடங்கும். சில நேரம் வலியே வராது. ஆரா மட்டும் வந்து போவதும் உண்டு, அதுவும் மைக்ரேன்தான்.

ஒருசில முறை பார்வையோடு நிற்காமல் கைக்கும் வந்திருக்கிறது. விரல் நுனியில் மதமதப்பு தொடங்கும். மெல்ல மெல்ல மணிக்கட்டு, முழங்கை என்று ஏறும். அப்புறம் தோளை விட்டுவிட்டு அதே பக்கத்து உதட்டுக்கும் பாதி நாக்குக்கும் தாவும். அதற்குப் பிறகு பேச்சு. சாவி எங்கே என்று மகளிடம் கேட்க நினைத்து வாயைத் திறந்தால் ‘சாவி’ என்ற சொல் வராது. பொருள் கண் முன்னால் இருக்கும், பெயர் மட்டும் எங்கோ போயிருக்கும். பக்கவாதம் வந்துவிட்டது என்று அந்த நேரத்தில் தோன்றாமல் இருக்குமா? தோன்றத்தான் செய்யும். அந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். மூளை தன் வேலையில் ஒரு பகுதியைச் சற்று நேரம் நிறுத்திவைக்கிறது. அதைக் கண்டு நடுங்குவது இயல்பு.

எனக்கு முதல் நிம்மதி வந்தது இதன் வேகத்தைப் பற்றிப் படித்தபோது. 1870-ல் ஹியூபர்ட் ஏரி என்ற ஆங்கிலேய மருத்துவர், தனக்கு வந்த ஆரா எப்படித் தொடங்கி எப்படி விரிகிறது என்று படிப்படியாக வரைந்து வெளியிட்டார். அந்தப் படங்களை முதன்முதலாகப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. யாருக்கும் விளக்க முடியாமல் தவித்த அதே உருவத்தை, நான் பிறப்பதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் இன்னொருவர் கண்டு, உட்கார்ந்து பொறுமையாக வரைந்து வைத்திருக்கிறார். 1941-ல் கார்ல் லேஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர், தன் ஆரா பார்வையில் நகர்வதை அளந்து பார்த்து, மூளையின் மேற்பரப்பில் ஏதோ ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்ந்தால்தான் இப்படித் தெரியும் என்று கணக்குப் போட்டார். 1944-ல் பிரேசிலைச் சேர்ந்த அரிஸ்டைட்ஸ் லெயாவோ, முயல்களின் மூளையில் அப்படி ஓர் அலை பரவுவதைப் பதிவுசெய்து வெளியிட்டார். வேகமும் கிட்டத்தட்ட அதேதான். 2001-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆரா நடந்துகொண்டிருக்கும்போதே மனிதர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, பின்மண்டையில் பார்வையைக் கவனிக்கும் பகுதியில் இதே போன்ற மாற்றம் மெல்ல நகர்வதைக் காட்டினார்கள்.

அலை வரும் முனையில் நரம்பணுக்கள் சட்டென்று கிளர்ந்தெழுகின்றன. அதுதான் நமக்கு மினுமினுக்கும் கோடு. அலை கடந்துபோன இடத்தில் அவை சற்று நேரம் அடங்கிக் கிடக்கின்றன. அதுதான் கோட்டுக்கு உள்ளே இருக்கும் வெற்றிடம். பிறகு மெல்லத் தெளிந்து பழைய நிலைக்கு வந்துவிடுகின்றன.

இதில் ஒரு சின்ன விஷயம் எனக்குப் பெரிய மருந்தாக இருந்தது. ஆரா நடுவில் இருக்கும்போது அசையாமல் நிற்பது போலவும், ஓரத்துக்குப் போகப் போகப் பெரிதாகி வேகமெடுப்பது போலவும் தெரியும். ‘ஐயோ, மோசமாகிக்கொண்டே போகிறதே’ என்று அந்தக் கட்டத்தில்தான் என் இதயம் அதிகமாகப் படபடக்கும். உண்மையில் அலையின் வேகம் அவ்வளவாக மாறுவதில்லை. பார்வையின் நடுப்பகுதிக்கு மூளை நிறைய இடம் ஒதுக்கியிருக்கிறது, ஓரங்களுக்குக் கொஞ்சம்தான். அதனால் நடுப்பகுதியைக் கடக்க அலைக்கு நேரம் ஆகிறது, ஓரங்களைச் சீக்கிரம் கடந்துவிடுகிறது. பெரிதாகி வேகமாக ஓடுகிறது என்றால் முடியப்போகிறது என்று பொருள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, நான் மிகவும் பயந்த அதே கட்டம் எனக்கு ஆறுதல் தரும் கட்டமாகிவிட்டது.

பக்கவாதத்திலிருந்து இதை மருத்துவர்கள் எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதையும் நரம்பியல் மருத்துவர் எனக்கு விளக்கினார். ஆரா மெல்ல வளரும். ஓர் அறிகுறி பரவ 5 நிமிடமாவது ஆகும். ஒன்று முடியும்போது அடுத்தது தொடங்கும், ஒவ்வொன்றும் 5 முதல் 60 நிமிடத்துக்குள் அடங்கும். மினுமினுப்பு, மதமதப்பு என்று இல்லாத ஒன்று தோன்றும். பக்கவாதமோ பெரும்பாலும் சட்டென்று வரும். எல்லாம் ஒரே நேரத்தில் வரும். பார்வையோ உணர்வோ வலுவோ போய்விடும். ஆனால் இந்த அறிவை ஏற்கெனவே பரிசோதித்து ‘இது ஆராதான்’ என்று மருத்துவர் உறுதிசெய்தவர்கள் மட்டும் பயன்படுத்த வேண்டும். முதல்முறை வருகிறவர்கள் வீட்டில் உட்கார்ந்து இது எது என்று தீர்மானிக்கக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

ஏற்கெனவே ஆரா பழகியவர்களும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டிய நேரங்கள் இருக்கின்றன. கையோ காலோ வலுவிழந்து தொங்கினால், முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டால், பேச்சு திடீரென்று நின்றுபோனால், வாழ்நாளில் வராத அளவு வலி ஒரு நிமிடத்துக்குள் உச்சிக்கு ஏறினால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், ஆரா ஒரு மணி நேரத்தைத் தாண்டினால், ஒற்றைக் கண்ணில் மட்டும் பார்வை போனால். 40 வயதுக்கு மேல் முதல்முறையாக ஆரா வந்தாலும், கர்ப்பகாலத்திலோ பிரசவத்துக்குப் பிறகோ புதிதாக வந்தாலும், வழக்கமான வரிசை மாறி வேறு விதமாக வந்தாலும் உடனே காட்ட வேண்டும். இந்தப் பட்டியலை என் கைபேசியில் வைத்திருக்கிறேன். பயத்தை வளர்க்கும் என்று நினைத்தேன், நடந்தது எதிர்மாறு. எதற்கு ஓட வேண்டும் என்பது எழுத்தில் இருக்கும்போது, மற்றதற்கெல்லாம் ஓடத் தேவையில்லை என்பதும் தெளிவாகிவிடுகிறது.

சரி, இனி பயத்துக்கு வருகிறேன். பயத்துக்கும் உடலில் அறிகுறிகள் உண்டு. அவை ஆராவின் அறிகுறிகளைப் போலவே வேடமிட்டு வருவதுதான் பிரச்சினை. ஆரா தொடங்கியதும் என் மூச்சு வேகமெடுக்கும். தேவைக்கு மேல் மூச்சு விட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால் விரல்களில் மதமதப்பு, உதட்டைச் சுற்றி ஊர்தல், தலை கிறுகிறுப்பு, நெஞ்சில் இறுக்கம் எல்லாம் வரும். இதைப் பார்த்து ‘பரவுகிறது’ என்று பயந்தால் மூச்சு இன்னும் வேகமாகும். இந்தச் சுற்றில் சிக்கினால் எது மைக்ரேன், எது பீதி என்று புரியாது. நான் இப்போது கவனிப்பது இரண்டு விஷயங்கள். மைக்ரேனின் மதமதப்பு பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வரும், ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நிதானமாக நகரும். மூச்சு வேகத்தால் வருவது பெரும்பாலும் இரண்டு கைகளிலும் வரும், மூச்சு அடங்கினால் தானும் அடங்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்து நம்பவில்லை, உடலில் பார்த்துத்தான் நம்பினேன். நான் சந்தித்த உளவியல் ஆலோசகர் ஒருநாள் என்னைத் தன் அறையில் உட்காரவைத்து, வேண்டுமென்றே ஒரு நிமிடம் போல வேகவேகமாக மூச்சு விடச் சொன்னார். என் மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொண்டுதான் செய்தார். சற்று நேரத்திலேயே இரண்டு கைவிரல்களும் மதமதத்தன, உதடு தடித்தது போல் ஆனது, அறை லேசாகச் சுழன்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏனென்றால் நான் பக்கவாதம் என்று பயந்த அதே உணர்வு அப்படியே இருந்தது. பிறகு மெதுவாக மூச்சு விடச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக அடங்கியது. “இதை நீங்களே வரவச்சீங்க, நீங்களே போகவும் வச்சீங்க” என்றார். அதற்கு மேல் விளக்கம் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

ஆரா தொடங்கியதும் இப்போது நான் செய்வது எப்போதும் ஒரே வரிசையில்தான். முதலில் மணி பார்த்துக் குறித்துக்கொள்வேன். ஆரா நேரத்தில் ஒரு நிமிடம் ஒரு யுகம் போல இருக்கும். கடிகாரம் இல்லையென்றால் ‘ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது’ என்று மனம் பொய் சொல்லும். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் ஓரமாக நிறுத்திவிடுவேன், இதில் சமரசமே இல்லை. அடுப்பு எரிந்தால் அணைத்துவிட்டு உட்காருவேன். பிறகு ஒரு தாளை எடுத்து நடுவில் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு, மினுமினுக்கும் கோடு எங்கே தெரிகிறதோ அங்கே பென்சிலால் தொட்டுக்கொண்டே போவேன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும். அடுத்த கோடு முந்தைய கோட்டுக்கு வெளியே விழும். அதன் அருகில் மணியை எழுதுவேன். அது போய்க்கொண்டிருக்கிறது என்பதற்குத் தாளிலேயே சாட்சி கிடைக்கிறது. கைக்கும் கண்ணுக்கும் ஒரு வேலை இருப்பதால் மனம் அலைவதும் குறைகிறது. அந்தத் தாள்களை மருத்துவரிடம் காட்டியபோது, வாயால் சொன்னதைவிட அவை அவருக்கு அதிகம் பயன்பட்டன.

மூச்சுக்கு நான் பெரிய பயிற்சி எதுவும் செய்வதில்லை. உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ‘ஆழமாக மூச்சை இழு’ என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். பதற்றத்தில் இருப்பவர் அதைக் கேட்டால் இன்னும் அதிகமாக இழுத்து, மதமதப்பைக் கூட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. மெதுவாக, கொஞ்சமாக, வாயைக் குவித்து நிதானமாக வெளியே விடுவதுதான் எனக்குச் சரிப்பட்டது.

பேச்சு தடுமாறும் நாட்களுக்காக ஒரு குறுஞ்செய்தியை முன்கூட்டியே எழுதிச் சேமித்து வைத்திருக்கிறேன். “ஆரா தொடங்கிவிட்டது. வழக்கம்போல ஒரு மணி நேரத்துக்குள் சரியாகிவிடும். பேசுவதற்குச் சிரமம் இருக்கலாம். அதற்கு மேல் நீடித்தாலோ கை கால் தளர்ந்தாலோ மருத்துவமனைக்குக் கூட்டிப் போகவும்.” ஒரு தட்டுத் தட்டினால் கணவருக்குப் போய்விடும். இதே வரிகளைப் பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதிப் பணப்பையிலும் வைத்திருக்கிறேன். வெளியில் யாரிடமாவது காட்ட நேர்ந்தால் உதவும். மாத்திரையும் கறுப்புக் கண்ணாடியும் அதே பையில்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பதும் முக்கியம். கணவர் முன்பெல்லாம் “பயப்படாதே, ஒண்ணும் ஆகாது” என்பார். அன்போடுதான் சொல்வார், ஆனால் அது எனக்குள் இறங்காது. நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசிய பிறகு அவர் கேட்பது ஒரே கேள்வி: “எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?” நான் பதில் சொல்வேன். “அப்போ இன்னும் பத்து நிமிஷம்தான்” என்று பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். மகள் சிறியவளாக இருந்தபோது, “அம்மா, மறுபடியும் மின்னல் வந்துடுச்சா?” என்று கேட்டுத் தானே போய்த் திரைச்சீலையை இழுத்துவிடுவாள். குழந்தைகளிடம் மறைத்தால் அவர்கள் இன்னும் மோசமாகக் கற்பனை செய்துகொள்வார்கள். எளிய சொற்களில் சொல்லிவிடுவதே நல்லது.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாக. இது எனக்குச் சொல்லப்பட்டது, உங்களுக்கு எது பொருந்தும் என்று உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இப்யூப்ரோஃபென், நாப்ராக்சன் போன்ற வலிநிவாரணிகள் சீக்கிரம் போட்டால்தான் நன்றாக வேலை செய்யும். மைக்ரேனின்போது இரைப்பை மந்தமாகிவிடுவதால் தாமதமாகப் போட்ட மாத்திரை உள்ளேயே கிடக்கும். குமட்டலுக்கான மாத்திரையைச் சேர்த்துத் தருவதற்கு அதுவும் ஒரு காரணம். சுமட்ரிப்டான் போன்ற டிரிப்டான் வகை மாத்திரைகளை ஆரா நேரத்தில் போடாமல், வலி தொடங்கும்போது போடச் சொல்கிறார்கள். இதயநோயோ பக்கவாதமோ வந்தவர்களுக்கு அவை ஆகாது. ஓடிக்கொண்டிருக்கும் ஆராவை நிறுத்தும் மாத்திரை என்று நம்பிச் சொல்லக்கூடிய ஒன்று கையில் இல்லை, அதைக் கடக்கத்தான் வேண்டும்.

பயம் மருந்துக்குள்ளும் புகுந்துவிடும் என்பதைச் சொல்லியாக வேண்டும். ‘இன்று வந்துவிட்டால் என்ன செய்வது’ என்று முன்கூட்டியே மாத்திரை போடத் தோன்றும். டிரிப்டான்களை மாதத்தில் 10 நாட்களோ அதற்கு மேலோ, பாராசிட்டமால் போன்ற சாதாரண வலிநிவாரணிகளை 15 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் மேலாகத் தொடர்ந்து எடுத்தால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். அதனால் மாத்திரை போடும் நாட்களை நாட்காட்டியில் வட்டமிட்டு வைக்கிறேன். அடிக்கடி வருகிறது என்றால் தினமும் போடும் தடுப்பு மருந்துகள் இருக்கின்றன. ப்ரோப்ரனோலால், அமிட்ரிப்டிலின், டோபிராமேட் முதலியவை. 2018 முதல் மைக்ரேனுக்காகவே உருவாக்கப்பட்ட ஊசிகளும் வந்திருக்கின்றன. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ப்ரோப்ரனோலால் ஆகாது, கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் அதற்குத் திட்டமிடுகிறவர்களுக்கும் டோபிராமேட் ஆகாது. டோபிராமேட்டுக்கு இன்னொரு குணம் உண்டு: விரல்களில் ஊர்தலும், சில சமயம் சொல் கிடைக்காமல் தடுமாறுவதும் அதன் பக்கவிளைவுகள். ஆராவைக் கண்டு பயப்படுகிறவருக்கு இது முன்னாலேயே தெரியாவிட்டால் தினமும் ஆரா வருகிறது என்றே நினைப்பார். என் மருத்துவர் சீட்டு எழுதும்போதே இதைச் சொல்லிவிட்டார், அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் என்றும் நன்றி சொல்வேன்.

பெண்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. ஆராவோடு மைக்ரேன் இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். ஆரா உள்ளவர்களுக்கு இரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்தின் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. ஈஸ்ட்ரோஜனும் புகைப்பழக்கமும் சேர்ந்தால் இன்னும் ஏறும். ‘இரண்டு மடங்கு’ என்பதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. மறுமுறை போனபோது மருத்துவர் இன்னொரு பாதியையும் சொன்னார்: இளவயதில் அந்த வாய்ப்பு ஆரம்பத்திலேயே மிகச் சிறியது, சிறியதை இரண்டால் பெருக்கினாலும் சிறியதுதான். இரத்த அழுத்தம், புகை, சர்க்கரை, கருத்தடை மாத்திரை என்று நம் கையில் இருப்பதைக் கவனிப்பதற்குத்தான் அந்த எண். தலைவலிக்கு ஒரு மருத்துவர், மகப்பேறுக்கு வேறு மருத்துவர் என்று போகிறவர்கள் இருவரிடமும் ‘ஆரா’ என்ற சொல்லைத் தவறாமல் சொல்லுங்கள். புரொஜெஸ்டிரான் மட்டும் உள்ள மாத்திரை, காப்பர் டி போன்ற வேறு வழிகள் இருக்கின்றன.

ஆரா இல்லாத நாட்கள்தான் எனக்குக் கடினமானவை. காலையில் கண் விழித்ததும் வெள்ளைச் சுவரைப் பார்த்துச் சோதிப்பேன். படிக்கும்போது எழுத்துகள் எல்லாம் இருக்கின்றனவா என்று வரிக்கு வரி பார்ப்பேன். அப்படித் தேடினால் ஏதாவது கிடைக்கத்தான் செய்யும். விளக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அதன் பிம்பம் கண்ணில் நிற்கும், சட்டென்று எழுந்தால் பூச்சி பறக்கும், வெயிலில் வானத்தைப் பார்த்தால் நூல் நூலாக மிதக்கும். இவையெல்லாம் எல்லோருக்கும் உள்ளவை, தேடுகிறவருக்கு மட்டும்தான் உறுத்தும். (மிதக்கும் நிழல்கள் திடீரென்று பெருகி, ஓரத்தில் மின்னலும் சேர்ந்தால் அது விழித்திரை சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.) ஆலோசகர் சோதிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை, தள்ளிப்போடச் சொன்னார். “பத்து நிமிஷம் கழிச்சுப் பாருங்க. நிஜமாவே ஆரான்னா நீங்க தேட வேண்டியதில்லை, அதுவே பெரிசாகி முன்னாடி வந்து நிக்கும்.” பத்து நிமிடம் கழித்துப் பெரும்பாலும் சோதிக்கவே மறந்திருப்பேன். ஆரா வளரும், பிம்பம் மங்கும். பத்து நிமிடம் இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும்.

தவிர்த்தல் இன்னொன்று. தனியாகப் பயணம் போவது, கூட்டத்தில் எழுந்து பேசுவது, பளிச்சென்ற விளக்குகள் உள்ள கடைகள் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டேன். ஒன்றை விடும்போது உடனே நிம்மதி வரும், ஆனால் அடுத்த முறை அந்த இடம் இன்னும் அபாயமாகத் தெரியும். திரும்பப் போனது படிப்படியாகத்தான். முதலில் கணவரோடு கடைக்கு, பிறகு அவர் வெளியே நிற்க நான் மட்டும் உள்ளே, பிறகு தனியாக. ஒவ்வொரு முறையும் போவதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன் என்பதை ஒரு வரி எழுதுவேன், வந்த பிறகு என்ன நடந்தது என்று இன்னொரு வரி. ஒருமுறை உண்மையிலேயே கடைக்குள் ஆரா வந்தது. ஒரு நாற்காலி கேட்டு உட்கார்ந்தேன், பணியாளர் தண்ணீர் கொடுத்தார், அரை மணி நேரத்தில் வீட்டுக்குக் கிளம்பினேன். பயந்தது நடந்தும் நான் பத்திரமாக இருந்தேன் என்பதுதான் அந்த நோட்டில் எனக்கு மிகவும் பிடித்த பதிவு.

தூண்டுகோல்களைத் தேடுவதிலும் ஓர் அளவு வேண்டும். தூக்க நேரம் மாறுவது, சாப்பாட்டைத் தவறவிடுவது, தண்ணீர் குறைவது, மாதவிடாய், கூசும் வெளிச்சம், மது ஆகியவை பலருக்கும் பொதுவானவை. மன அழுத்தம் இருக்கும்போது வராமல், அது முடிந்து ஓய்வெடுக்கும் நாளில் வருவதும் உண்டு. எனக்கு அப்படித்தான், தேர்வு வேலை எல்லாம் முடித்த விடுமுறை நாளில் வந்து நிற்கும். ஆனால் தூண்டுகோல் என்று நாம் நினைப்பது சில நேரம் தாக்குதலின் தொடக்கமாகவே இருக்கலாம். ஆராவுக்குச் சில மணி நேரமோ ஒரு நாளோ முன்பே கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, எரிச்சல், இனிப்பு தின்னும் ஆசை எல்லாம் வரும். அந்த ஆசையில் சாக்லேட் சாப்பிட்டுவிட்டு, பழியைச் சாக்லேட் மீது போடுகிறோம். சாப்பாட்டுப் பொருட்களை ஒவ்வொன்றாக விலக்கி வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்வதைவிட, விடுமுறை நாளிலும் அதே நேரத்துக்கு எழுந்து அதே நேரத்துக்குச் சாப்பிடுவது எனக்கு அதிகம் உதவியது.

வலி போன மறுநாளும் மைக்ரேனின் பகுதிதான். மண்டை கனமாக, சிந்தனை மந்தமாக, காரணமில்லாத அழுகையோடு ஒரு நாள் வரை இருக்கும். அந்த நாளில் பயம் சுலபமாகத் தலை தூக்குவதைக் கவனித்திருக்கிறேன். அன்று எந்த முடிவும் எடுப்பதில்லை, நோய்களைப் பற்றி இணையத்தில் தேடுவதும் இல்லை.

இப்போதும் பேச்சு தடுமாறும் ஆரா வந்தால் எனக்குக் கை நடுங்கும். நடுங்கிக்கொண்டேதான் மணியைக் குறிக்கிறேன். அது போதுமானதாக இருக்கிறது.

முதல்முறை ஆரா வந்து மருத்துவரைப் பார்க்கக் காத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால், இதைச் செய்யுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது, எந்தப் பக்கம், எதற்குப் பிறகு எது வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, ஒரு கண்ணை மூடிப் பார்த்தபோது எப்படி இருந்தது, தலைவலி வந்ததா, வேறு என்ன மாத்திரைகள் எடுக்கிறீர்கள், குடும்பத்தில் யாருக்காவது மைக்ரேன் உண்டா என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அதன் பின்பக்கத்தில் பயத்தைப் பற்றியும் எழுதுங்கள். எதையெல்லாம் தவிர்க்கிறீர்கள், எவ்வளவு அடிக்கடி கண்ணைச் சோதிக்கிறீர்கள், இரவில் தூக்கம் வருகிறதா என்று. மருத்துவர் கேட்காவிட்டாலும் தாளைத் திருப்பி அவரிடம் அதையும் காட்டுங்கள்.